பட்டியலில் பன்னிரண்டாவது கரை

என் பிரியமுள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

காளவாசல் வீட்டிலிருந்து உங்கள் மச்சான் எழுதுவது. 'இங்கு அனைவரும் நலம்' என்று கை பழக்கத்தில் எழுதிவிட்டது, பிறகு அடித்துவிட்டேன். அனைவரும் என்றால் நானும் உங்கள் மனைவி பேச்சியும்தான். அந்த இரண்டு பேரும் இப்போது நலமாக இல்லை.

நீங்கள் இறந்துபோன பிறகு இந்த ஆறு வருடமாக ஒவ்வோர் ஐப்பசியிலும் நாளிதழில் உங்கள் படத்தைப் போட்டு, கீழே இரண்டு வரி எழுதிக் கொடுத்து வருகிறேன். இந்த வருடம், ஓய்வுபெற்ற ஆசிரியர்களான நாங்கள் நடத்தும் மாத இதழுக்கு, மறைந்த உறவினர் ஒருவருக்குக் கடிதம் எழுதித் தரும்படி கேட்டார்கள். எனக்குத் தயக்கம். பேச்சிதான், "எழுதுங்கண்ணே. நீங்க எழுதுனா அவரு எம்புட்டு சந்தோசப்படுவாரு" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. உங்களுக்கு நான் எழுதிய கடிதங்களைப் பற்றி அவளுக்கு அன்று ஒன்றும் தெரியாது.

அது போன மாதம். இப்போது தெரியும்.

மாப்பிள்ளை, முதலிலேயே கேட்டுவிடுகிறேன். என் தங்கையின் தாலி என் கையால் போனதா? நான் காட்டிய இடத்தில், நான் சொல்லிக்கொடுத்த விதத்தில் நீந்தியதால்தான் நீங்கள் இல்லாமல் போனீர்களா? இந்தக் கேள்வியை ஆறு வருடமாகப் பாதியாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். மறு பாதியை ஒருவர் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். வரிசையாகச் சொல்கிறேன். வரிசை தப்பினால் எனக்கு எழுத வராது என்று உங்களுக்குத் தெரியும்.

உங்களுக்கு நீச்சல் தெரியாது. வைகைக் கரையில் பிறந்தவருக்கு நீச்சல் தெரியாததில் ஆச்சரியம் ஏதுமில்லை. வைகையில் நீந்துவதற்கு முதலில் தண்ணீர் வர வேண்டும். கல்யாணமாகித் தலைப் பொங்கலுக்கு எழுமலைக்கு வந்தீர்கள். எங்கள் தோட்டத்துக் கிணறு அந்த வருடம் நிரம்பி நின்றது. பங்காளிகள் ஆளுக்கொரு பக்கமிருந்து குதித்துக்கொண்டிருக்க, நீங்கள் பட்டுக்கரை வேட்டியோடு மேட்டில் நின்றீர்கள்.

"என்னா மாப்ள, மில்லுல அம்புட்டுப் பெரிய மிசினெல்லாம் ஓட்டுறீக, கெணத்துக்குள்ள எறங்க முடியலையாக்கும்? தண்ணி கடிச்சுருமோ?" என்றான் ஒரு பங்காளி.

"கடிக்காது மாப்ள. முழுங்கிரும்ல?" என்றீர்கள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விட்டால் அவர்கள் உங்களைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று தெரிந்துதான் நான் பொறுப்பேற்றுக்கொண்டேன். உங்கள் முதுகில் இரண்டு சுரைக்குடுக்கையைக் கட்டிப் படி வழியாக இறக்கினேன். நான் வாத்தியார் அல்லவா? விதி இல்லாமல் எதையும் நடத்தத் தெரியாது. உங்களுக்கும் இரண்டு விதி சொன்னேன். களைத்தால் சுவரைப் பிடிக்க வேண்டும். பயந்தால் படிக்கு வர வேண்டும். இரண்டையும் விட்டு நடுக்கிணற்றில் நின்று யோசிக்கக் கூடாது.

பேச்சி தென்னை நிழலில் உட்கார்ந்து வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டுக் கத்திக்கொண்டிருந்தாள். "களைச்சா சுவரு! பயந்தா படி! களைச்சா சுவரு! பயந்தா படி!" நீங்கள் வாயில் போன தண்ணீரை அவள் பக்கமாகத் துப்பினீர்கள். நாலாம் நாள் குடுக்கையை அவிழ்த்தாயிற்று. அதற்குப் பிறகு உங்களைத் தண்ணீரை விட்டு ஏற்றுவதுதான் எனக்கு வேலையாக இருந்தது.

பல வருடம் கழித்து மில் வேலையை விட்டுப் பம்பாய் கப்பல் பட்டறைக்குப் போனீர்கள். அங்கிருந்து மால்டாத் தீவு. நான் வகுப்பில் நடத்தும் மத்தியதரைக் கடலின் நடுவே, தேசப்படத்தில் ஈ உட்கார்ந்த மாதிரி ஒரு புள்ளி. 'கோடையில் வறட்சி, குளிர்காலத்தில் மழை' என்று நான் வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்ட ஊரில் என் மாப்பிள்ளை வேலை பார்க்கிறார் என்பதில் எனக்கு இருந்த பெருமையை உங்களிடம்கூடச் சொன்னதில்லை.

முதல் கோடையில் பள்ளிக்கூட முகவரிக்கு நீல நிற விமானக் கடிதம் வந்தது. வீட்டுக்கு எழுதாமல் ஏன் இங்கே என்று பிரித்தேன். பேசுகிற மாதிரியே எழுதுவீர்கள் நீங்கள்.

'மச்சான், கப்பலோட வயித்துக்குள்ள எறங்கி வெல்டு வைக்கணும். மேலெல்லாம் வெந்துபோகுது. ஞாயித்துக்கெழம கடலுக்குப் போனா, சித்திரைத் திருவிழாக் கூட்டம். ஆணும் பொண்ணும் வெயில்ல அப்பளம் மாதிரி காயுதுக. நம்ம கோமணத்தோட அதுகளுக்கு நடுவுல எப்பிடி எறங்க? அம்புட்டுப் பேரும் நம்மளத்தான் பாப்பாக. நீங்க பூகோள வாத்தியாரு. இந்தத் தீவோட படம் அனுப்பிருக்கேன். ஆளில்லாத கரையாப் பாத்துச் சொல்லுங்க. பேச்சிகிட்டச் சொல்ல வேணாம். கடல்னாலே அவளுக்கு ஆகாது.'

ஆகாதுதான். ராமேஸ்வரத்தில்கூட அக்னி தீர்த்தத்தில் முழங்காலுக்கு மேல் இறங்க மாட்டாளே. அதனால் நீங்கள் சொன்னபடி சொல்லாமல் இருந்தேன். அது பொய் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் படத்தை மத்தியான இடைவேளையில் ஆசிரியர் அறை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, பூதக்கண்ணாடியோடு உட்காருவேன். கரையின் வளைவுகளை நூல் வைத்து அளந்தேன். மோட்டார் ரோடு தண்ணீர் வரைக்கும் போனால் அந்த இடம் வேண்டாம். பக்கத்தில் ஓட்டல் இருந்தால் வேண்டாம். ரோடு முடிந்து இரண்டு மைல் ஒற்றையடிப் பாதையாகப் போய், பாறைக்குள் வளைந்து நுழைகிற சின்னக் குடாவாக இருந்தால் பென்சிலால் வட்டம் போடுவேன். பிறகு அதன் வாய் எந்தத் திசையைப் பார்க்கிறது, அங்கே அதிகம் வீசும் காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்ப்பேன். கல்லூரி நூலகத்தில் கடற்காற்றுகளைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் இருந்தது. ஒவ்வோர் இடத்துக்கும் நூலகத்துக்குப் போய்ச் சரிபார்த்துவிட்டு வந்துதான் 'போகலாம்' என்று எழுதுவேன். ஒரு கரைக்கு எனக்குக் குறைந்தது மூன்று வாரம் ஆகும்.

அந்த ஊர்ப் பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. அதனால் எண் போட்டேன். இப்படிப் பன்னிரண்டு கரைகள். ஒரே தாளில் கோடு போட்டுப் பட்டியலாக எழுதி உங்களுக்கு அனுப்பினேன். பன்னிரண்டு இடத்தையும் ஒரேயடியாகக் குறித்து அனுப்பினேனே தவிர, ஒவ்வொன்றாக நான் உத்தரவு கொடுத்த பிறகுதான் போவது என்று நமக்குள் ஏற்பாடு.

உங்கள் பதில்கள்! மூன்றாம் எண்ணுக்கு எழுதினீர்கள்: 'மணல் இல்ல மச்சான். பாறையத் தட்டையா வெட்டி உப்புப் பாத்தி கட்டிருக்காக. அதுக்குப் பக்கத்துல எறங்குனா இடுப்பளவு. ஒரு ஆளு இல்ல. ஒரே ஒரு ஆடுதான் நின்னுச்சு. அதுவும் என் கோமணத்தப் பாத்துட்டுத் திரும்பிக்கிருச்சு.' ஐந்தாம் எண்ணில் நான் தோற்றேன். ஆளே போகாத இடம் என்று நான் கண்டுபிடித்தது, பட்டாளத்தார் துப்பாக்கி சுட்டுப் பழகுகிற இடமாம். 'குண்டு வாங்காம வந்தேன், நூத்துக்கு நூறு மார்க்கு போட்டுக்கங்க' என்று எழுதியிருந்தீர்கள். ஏழாம் எண்ணில் தண்ணீர் அவ்வளவு தெளிவு. 'என் நெழலு அடியில கெடந்து இன்னொரு ஆளு மாதிரிக் கூடவே நீந்துது' என்றீர்கள்.

நான் கடலில் நீந்தியவன் அல்ல. மனைவியைச் சீக்கிரம் பறிகொடுத்து, பிள்ளையும் இல்லாமல், பள்ளிக்கூடம் விட்டால் வீடு என்று இருந்தவன். பஸ்ஸில் தனியாக ஏறுவதற்கே இரண்டு பேரிடம் வழி கேட்பவன். அந்த மூன்று கோடைக் காலத்தில் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா? அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இப்போது சாப்பாடு இறங்க மறுக்கிறது.

பிறகு அந்தத் தந்தி வந்தது. கடலில் விபத்து, மரணம் என்று இரண்டே செய்தி. உங்களை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். பேச்சிக்கு முகம்கூடப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. பதினாறாம் நாள் முடிந்து உறவினர்கள் எல்லாம் போன பிறகு அவள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவரு கடலுக்கு எதுக்கண்ணே போனாரு?"

"தெரியலம்மா" என்றேன்.

அந்த ஒரு சொல்லின் மேல்தான் ஆறு வருடம் இந்த வீட்டில் குடியிருந்தேன். அவள் போடுகிற காப்பியைக் குடித்தேன். என் பெட்டியில், பழைய அட்லஸ்களுக்கு அடியில் உங்கள் கடிதங்கள் இருந்தன. அட்லஸ்களைத் தூசி தட்ட வேண்டும் என்று அவள் பெட்டிப் பக்கம் போனால் நான் முந்திக்கொண்டு எழுவேன். "நான் தட்டிக்கிறேன் பேச்சி" என்பேன். "ஒங்க பொக்கிசத்த யாரு தொடப்போறா?" என்பாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும். தூத்துக்குடிக்காரர், பெயர் அந்தோணி. மால்டாவில் உங்களோடு வேலை பார்த்தவர், கடைசி வரைக்கும் கூட இருந்தவர். நீங்கள் கடிதத்தில் 'நம்ம அந்தோணி' என்று எழுதுவீர்களே, அவரேதான். இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் ஊருக்கு வந்தாராம். நான் என் பெயரைச் சொன்னதும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, நீங்கதானா அந்த மச்சான்? லிஸ்டு மச்சான்?"

பேச்சி சமையற்கட்டு வாசலில் தண்ணீர்ச் செம்போடு நின்றுகொண்டிருந்தாள்.

"எந்த லிஸ்டு?" என்றாள் அவள்.

"என்ன மதினி இப்படிக் கேக்கீங்க? பட்டறையில ஒங்க அண்ணன் லிஸ்டு தெரியாத ஆளு உண்டுமா? நம்ம ஆளுவோ பத்துப் பேரும் அதப் பாத்துத்தான் எங்கன போய்க் குளிக்கலாம்னு முடிவு பண்ணுவோம். எங்க மச்சான் மதுரையில இருந்தே கடலப் பாத்துருவாருன்னு இவரு பீத்துன பீத்தல் கொஞ்சமா நஞ்சமா!" என்று சொல்லிக்கொண்டே பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். கண்ணாடித்தாள் உறை போட்டுப் பத்திரமாக வைத்திருந்தீர்கள். என் கையெழுத்து. ஒன்றிலிருந்து பதினொன்று வரை உங்கள் பென்சில் குறி. ஐந்துக்கு மட்டும் பெருக்கல் குறி. பன்னிரண்டுக்கு எதிரே ஒன்றும் இல்லை.

பேச்சி செம்பைக் கீழே வைத்தாள். "அவரு எப்பிடிண்ணே போனாரு?" என்று கேட்டாள். என்னை அல்ல, அந்தோணியை.

அவர் சொன்னார். பன்னிரண்டாம் எண்ணுக்கு நீங்கள் இருவருமாகப் போயிருக்கிறீர்கள். மூன்று பக்கமும் செங்குத்தான பாறை, நடுவே பச்சைத் தண்ணீர், ஆள் நடமாட்டம் இல்லை. காற்று இல்லை. முதல் நாள் வடகிழக்கில் எங்கேயோ தூரத்தில் பெருங்காற்று அடித்திருக்கிறது. அதன் அலை மறுநாள் மெதுவாக வந்து சேர்ந்திருக்கிறது.

"கடல் பெருமூச்சு விட்ட மாதிரி தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. நான் கடக்கரையில பொறந்தவன், சட்டுனு வெளிய நீந்திட்டேன். அலை ஒடையிற எடத்தத் தாண்டிட்டா அங்கன தண்ணி தொட்டில் மாதிரி ஆடும், அவ்வளவுதான். மல்லாந்து கெடக்கலாம். 'வெளிய வாரும்யா, கடலுக்கு வாரும், நான் பிடிச்சுக்கிடுதேன்'னு தொண்ட கிழியக் கத்துனேன். அவருக்குக் கேட்டுச்சு. என்னத் திரும்பிப் பாத்தாரு. ஆனா கேக்கல மதினி. பாறைய நோக்கியே நீந்துனாரு. அது அடிக்கிற எடம். அங்கன போயி எதப் பிடிக்கப் போறோம்? வழவழன்னு இருக்கும். ரெண்டு தடவ பிடிச்சாரு. ரெண்டு தடவையும் அலை பிச்சுட்டு வந்துச்சு. மூணாவது தடவ..." என்று நிறுத்தினார். "இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல. நல்லா நீந்துற மனுசன். ஏன் பாறைக்குப் போனாரு?"

ரோட்டில் ஒரு லாரி போனது. பிறகு பேச்சி, பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள்:

"களைச்சா சுவரு."

அந்தோணிக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. மாப்பிள்ளை, கிணற்றில் நீந்தக் கற்றவனுக்கு எந்தத் தண்ணீருக்கும் சுவர் உண்டு. எந்தப் பக்கம் பத்துக் கை போட்டாலும் கல் தட்டுப்படும். கல் தட்டுப்பட்டால் பிழைத்தோம். எழுமலையில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். கடலில் சுவர்தான் கொல்லும் என்று எனக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? தெரியாத ஒன்றை விதியாக எழுதிக் கொடுக்க எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? ஆறு வருடமாக இடம்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விதியும் தப்பு. மனைவியின் அண்ணன் சொன்னதை இருபது வருடம் கழித்தும் மறக்காமல், கூட இருந்தவன் கத்தியதைக் கேளாமல், நீங்கள் அந்தப் பாறையைப் பிடித்தீர்கள். அந்த நேரத்தில் கிணற்று மேட்டில் நான் நிற்பதாக நினைத்தீர்களா?

அந்தோணி போன பிறகு பேச்சி என்னிடம் கேட்டது ஒன்றுதான். "லிஸ்டு இருக்குன்னா கடுதாசியும் இருக்கும்ல. எங்க இருக்கு?"

அட்லஸ் பெட்டியைக் காட்டினேன். அவள் அதைத் திறக்கவில்லை. "நீங்களே படிங்க. நாளுக்கு ஒண்ணு. நான் கேக்குறேன்" என்றாள்.

தண்டனைதான். ஆனால் தண்டனையிலும் அவள் ஒரு முறை வைத்திருந்தாள். காலையில் அடுப்பு வேலை முடிந்ததும் சமையற்கட்டுக் கதவில் சாய்ந்து உட்காருவாள். நான் நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்து படிப்பேன். மூன்றாம் நாள், ஆடு திரும்பிக்கொண்ட இடம் வந்தபோது, "அதுக்கு இருக்குற வெக்கம்கூட இந்த மனுசனுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். சிரித்தாளா, அழுதாளா, எனக்குத் தெரியவில்லை. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆறாம் நாள் ஒரு வரியை விட்டுவிட்டுப் படித்தேன். 'பேச்சிக்குத் தெரிஞ்சா கொன்னே போட்டுருவா' என்ற வரி. அவள் உடனே, "அங்கன மூச்சு முட்டுச்சே, என்னாத்த முழுங்குனீங்க?" என்றாள். மறுபடி படித்தேன்.

"எனக்கு மட்டும் சுகமா இருக்கேன் சுகமா இருக்கேன்னு நாலு வரி. ஒங்களுக்கு இம்புட்டு எழுதிருக்காரு" என்றாள் ஒன்பதாம் நாள். அதற்குப் பதிலை நீங்கள் சொல்லுங்கள். அவளுக்குச் சேர வேண்டிய உங்கள் சந்தோஷத்தையும் நான்தான் ஆறு வருடம் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தேன்.

பதினொன்று முடிந்தது. பன்னிரண்டாவது பாக்கி. அங்கேதான், மாப்பிள்ளை, நான் கால் எடுத்து வைக்க முடியாமல் நின்றேன். ஏனென்றால் அதற்கு நான் எழுதிய பதில் ஒன்று உண்டு. நான் எழுதும் கடிதங்களுக்கு எல்லாம் கார்பன் நகல் எடுத்து வைப்பவன். அந்தப் பதிலைப் பற்றி அந்தோணிக்குத் தெரியாது. பேச்சிக்குத் தெரியாது. உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவர் நீங்கள்.

பன்னிரண்டாம் நாள் காலை பேச்சி கோவிலுக்குப் போயிருந்தாள். நகலை எடுத்தேன். அடுப்பில் தணல் இருந்தது. கிட்டே கொண்டு போனேன். பிறகு என்ன நினைத்தேனோ, அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு வேட்டியைப் பையில் திணித்து வீட்டைப் பூட்டிவிட்டு இறங்கிவிட்டேன். எங்கே போவது என்று திட்டம் கிடையாது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக வழி கேட்காமல் ஒரு பஸ்ஸில் ஏறினேன். சமயநல்லூரில் இறங்கி ரோட்டோரம் ஒரு புளியமரத்தடியில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன். வடக்கே போகிற பஸ் ஒவ்வொன்றாக வந்து நின்றது. எல்லா நடத்துநரும் "பெருசு, வாரீகளா?" என்று கேட்டார்கள். ஏறிவிட்டால் யாரும் தேட மாட்டார்கள் என்று தோன்றியது. அவள் சாவி இல்லாமல் வாசலில் நிற்பாளே என்றும் தோன்றியது. பூட்டுச் சாவி என் இடுப்பில் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே திரும்பி வந்தேன்.

அவள் வாசற்படியில் வெயிலில் உட்கார்ந்திருந்தாள். எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை. கதவைத் திறந்ததும் உள்ளே போய் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். "படிங்க" என்றாள்.

படித்தேன். உங்கள் பன்னிரண்டாவது கடிதம்: 'மச்சான், பன்னெண்டாம் நம்பர மேல நின்னு பாத்துட்டு வந்துட்டேன். சுத்திப் பாறை, நடுவுல தண்ணி, நம்ம கெணறு மாதிரியே இருக்கு. படி மட்டும் இல்ல. எறங்கலாமா? குளிரு வரப்போகுது. நீங்க வழக்கம்போல மூணு வாரம் யோசிச்சா கடலே வத்திப்போயிரும். ஒரு தடவையாச்சும் பயப்படாம ஒரு பதில் எழுதுங்க மச்சான், பாப்போம்.'

"கேலி பண்ணிருக்காரு" என்றாள் பேச்சி.

"ஆமா" என்றேன். சட்டைப் பையிலிருந்து நகலை எடுத்தேன். எழுத்து எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. ஆனால் அதைப் படிக்க எனக்கு எழுத்து தேவையில்லை. 'மாப்பிள்ளை, கடிதம் இன்று காலை கிடைத்தது. இன்றே பதில் எழுதுகிறேன், பாருங்கள். வடமேற்குக் காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கும் குடா அது. போகலாம். தயங்க வேண்டாம்.'

அன்று நான் நூலகத்துக்குப் போகவில்லை என்று அவளிடம் சொன்னேன். உங்கள் கேலி சுட்டுவிட்டது என்றும், எனக்கும் ஒரு தடவை தைரியசாலியாக இருந்து பார்க்க ஆசை வந்துவிட்டது என்றும் சொன்னேன். தந்தி வந்த பிறகுதான் போய் அந்தப் புத்தகத்தைத் திறந்தேன். இலையுதிர் காலத்தில் அந்தத் தீவில் வடகிழக்குக் காற்றும் எழும். அந்தத் திசையைப் பார்த்த குடாக்களில் அலை புகும் என்று ஒரு பத்தி இருந்தது. மூன்று வாரம் எடுத்திருந்தால் படித்திருப்பேன். 'வேண்டாம்' என்று ஒரு சொல் எழுதியிருப்பேன். இதையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"பயந்தாங்கொள்ளி நீங்க. ஊருக்கே தெரியும். நீங்களே போகலாம்னு சொன்னா, அதுக்கு மேல அந்த மனுசன் என்னாத்த யோசிப்பாரு?"

மாப்பிள்ளை, இதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது. என் பயத்தை நம்பித்தான் நீங்கள் பதினொரு கரைக்கும் போனீர்கள். அந்தப் பயம் இல்லாத ஒரே ஒரு நாளில் என்னையும் நம்பிவிட்டீர்கள்.

"நான் எங்கயாவது போயிர்றேன் பேச்சி" என்றேன். "என் மூஞ்சிய நீ எப்படி தெனமும்..."

"எங்க போவீங்க? காலையில ஓடிப் பாத்தீங்கள்ல?" அப்போதுதான் அவள் குரல் உயர்ந்தது. "அவரு மேல கோவப்படலாம்னா அவரு இல்ல. கடல் மேல கோவப்படலாம்னா அந்தூருக் கடல நான் பாத்ததுகூட இல்ல. நீங்களும் போயிட்டா நான் யாரு மேலண்ணே கோவப்படுறது? இங்கனயே கெடங்க."

எழுந்து உள்ளே போய்விட்டாள். சிறிது நேரத்தில் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. அது நடந்து இன்றைக்குப் பதினான்கு நாள். சோறு போடுகிறாள். பேசுவதில்லை. சில சமயம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கும்போதே கையை நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்க்கிறாள். நான் தலையைக் குனிந்துகொள்ளாமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். நேற்று இந்தக் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன், அச்சுக்குப் போகும் முன் படிக்கட்டும் என்று. படித்துவிட்டு மேசையில் வைத்தாள். கிழிக்கவில்லை.

அவள் என்னை மன்னிப்பாள் என்று எழுதி இதை முடிக்க எனக்கு உரிமை இல்லை. நீங்கள் மன்னித்திருப்பீர்கள் என்று எழுதவும் தைரியம் இல்லை. என் தைரியம் என்ன செய்யும் என்று பார்த்தாயிற்று.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். இந்த வீட்டை விட்டு நான் போக மாட்டேன். யாத்திரை என்றோ, மடம் என்றோ, மூச்சு நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டோ ஓட மாட்டேன். அவள் கோபம் எத்தனை வருடம் இருக்கிறதோ அத்தனை வருடமும், அவள் கண் படுகிற இடத்தில், அவள் திரும்பினால் தெரிகிற தூரத்தில் உட்கார்ந்திருப்பேன். உங்களிடம் நான் வரும் நாளையும் அவள் சொல்லட்டும்.

பேச்சியின் அண்ணன்,
அதனால் மட்டுமே இன்னும் உங்களுக்கு மச்சான்.